வெட்டினால் தெரிந்துவிடும்

பழைய ஃபிலிம் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் ஓரம் நினைவிருக்கும். துளைகளை ஒட்டிப் பொடி எழுத்தில் எண்கள் ஓடும். படம் எடுத்தவர் போட்ட எண்கள் இல்லை அவை. ஃபிலிம் செய்த கம்பெனியே கண்ணுக்குத் தெரியாமல் பதித்து அனுப்பியிருக்கும். கழுவும்போது படங்களோடு சேர்ந்து அவையும் எழும். நடுவிலிருந்து ஒரு படத்தை உருவ நினைப்பவர் கத்தரிக்கோல் வைத்தாக வேண்டும். வைத்தால் எண்வரிசை அறுந்துபோகும். ஒட்டினாலோ, ஒட்டுப்போட்ட இடம் விரலுக்கே தட்டுப்படும்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்ப் பொதுக்கூட்டத்தில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு, அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபுவையும் கொன்றது. அவர் வைத்திருந்த சினான் கேமரா மட்டும் உடையாமல் கிடந்தது. உள்ளே பத்துப் படங்கள். கையில் சந்தன மாலையோடு நிற்கும் கண்ணாடி போட்ட பெண்ணும், குர்தா பைஜாமாவில் குறிப்பேட்டோடு நிற்கும் ஒருவரும் அந்தச் சுருளில்தான் அகப்பட்டார்கள். யார், எவர், எந்த அமைப்பு என்று ஒன்றுமே தெரியாமல் தொடங்கிய புலனாய்வுக்கு முதல் பிடிமானம் அந்தப் பத்துப் படங்கள். 1998 ஜனவரி 28இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம்.

நெகட்டிவ் என்று ஒன்று இருந்த காலம் அது. பிரிண்டில் சந்தேகம் வந்தால் நெகட்டிவைக் கொண்டுவா என்று கேட்கலாம். இன்று அதே ஊரில் ஒரு கூட்டம் நடந்தால் ஆயிரம் செல்போன்கள் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே எழும். எடுத்த படம் அடுத்த நிமிடம் நாற்பது குழுக்களில் இருக்கும். இதில் நெகட்டிவ் எது? நகலுக்கும் மூலத்துக்கும் ஒரு பிட் கூட வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். எடுத்த நேரம் என்று கோப்புக்குள் எழுதியிருப்பதைப் பள்ளிக்கூடப் பையன் மாற்றிவிடுவான். வெட்டலாம், ஒட்டலாம், விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது.

அதே 1991இல், இந்தக் கவலையை மட்டுமே வைத்துக்கொண்டு இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நியூஜெர்சியில் பெல்கோர் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா. ஒரு டிஜிட்டல் ஆவணம் இந்தத் தேதியில் இப்படித்தான் இருந்தது என்று எப்படி நிரூபிப்பது என்பதுதான் கேள்வி. நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்து முத்திரை போடச் சொல்லலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும் பதில். அந்த ஒருவரே விலைபோனால்? அவர்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த விடை, ஃபிலிம் ஓரத்து எண்களுக்கு மிக அருகில் வருகிறது. ஒவ்வொரு ஆவணத்தின் முத்திரைக்குள்ளும் அதற்கு முந்தைய ஆவணத்தின் முத்திரையைக் கலந்துவிடு. பிறகு நடுவில் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

முத்திரை என்று இங்கே சொல்வது ஹேஷ். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஹேஷ் என்பது ஒரு கணக்கு. எந்தக் கோப்பை உள்ளே போட்டாலும், ஒரு வரிக் குறிப்பானாலும் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் ஆனாலும், வெளியே வருவது ஒரே நீளம். இன்று பரவலாகப் பயன்படும் எஸ்.ஹெச்.ஏ.256 முறையில் அந்த நீளம் 256 பிட், அதாவது வெறும் 32 பைட். எழுதிக் காட்டினால் எண்ணும் எழுத்தும் கலந்து 64 குறிகள். உள்ளே போட்டதில் ஒரு காற்புள்ளி மாறினாலும் வெளியே வருவது அடையாளமே தெரியாமல் வேறாகிவிடும். மாவு இருந்தால் இட்லி சுடலாம். இட்லியிலிருந்து மாவை எடுக்க முடியாது என்பது போல, ஹேஷிலிருந்து கோப்பைத் திரும்ப வரவழைக்க வழியில்லை. வரக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே ஹேஷ் தற்செயலாக அமைய வாய்ப்பு கணக்கில் உண்டு, நடைமுறையில் இல்லை.

ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் தொடங்கிய நிறுவனம் 1995இலிருந்து செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வாரம் முழுக்க வந்த முத்திரைகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, அந்த ஒரே ஒரு ஹேஷை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் விளம்பரமாகப் போட்டார்கள். அதுவும் எங்கே? காணாமல்போனவை, கண்டெடுத்தவை பகுதியில். தொலைந்த நாய்க்குட்டிக்குப் பக்கத்தில் புரியாத எழுத்துக் கூட்டம் ஒன்று. இனி யாராவது பழைய முத்திரை ஒன்றை மாற்ற வேண்டுமானால், ஊர் ஊராக நூலகங்களில் அடுக்கியிருக்கும் அந்த நாளின் செய்தித்தாள் அத்தனையையும் மாற்ற வேண்டும். இப்படி ஒன்றோடொன்று கோத்த பதிவுச் சங்கிலிக்குத்தான் இன்று பிளாக்செயின் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் பிட்காயினும் பணமும் நினைவுக்கு வருகின்றன. 2008இல் வந்த பிட்காயின் கட்டுரையின் கடைசியில் எட்டே எட்டு மேற்கோள் நூல்கள். அவற்றில் மூன்று இந்த இருவருடையவை. ஆவணத்தைக் காப்பாற்றப் பிறந்த யோசனை அது. பணம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

இனி ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பலாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012இல் டைம்லர் என்று வந்து இறங்கியபின் இந்த வட்டாரம் தயாரிப்பது கார்களையும் போன்களையும் மட்டுமல்ல. ஒவ்வொரு நொடியும் பதிவுகளைத் தயாரிக்கிறது. கார் அசெம்பிளி லைனில் முக்கியமான போல்ட்டுகளை நட் ரன்னர் முறுக்கும்போது எவ்வளவு டார்க், எத்தனை டிகிரி என்பது அந்த வண்டியின் சேசிஸ் எண்ணோடு சேர்ந்து பதிவாகும். பிரஸ் ஷாப்பில் கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் லைட் கர்ட்டன் எப்போது வேலை செய்தது, எப்போது யார் பைபாஸ் செய்தார்கள் என்பதை இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. குறித்துவைக்கலாம். வாசலில் பயோமெட்ரிக், லாரிகளில் ஜி.பி.எஸ்., சுவரெல்லாம் சி.சி.டி.வி.

ஒருநாள் ஒரு விபத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் விரல்கள் போகின்றன. பாதுகாப்புச் சாதனம் அணைத்துவைக்கப்பட்டிருந்ததா, அவரே கவனக்குறைவாக இருந்தாரா என்பதுதான் வழக்கு. விடை பி.எல்.சி. பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவு இருக்கும் சர்வர் யாருடையது? வழக்கின் ஒரு தரப்புடையது. அதில் யாரோ கைவைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கைவைக்கவில்லை என்று அந்தக் கம்பெனியாலும் நிரூபிக்க முடியாது என்பதுதான் விஷயம். நேர்மையாக இருப்பவரும் தன் நேர்மையைக் காட்ட வழியில்லாமல் நிற்கிறார்.

போலீஸ் வந்து கைப்பற்றியபின் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் பழைய, நல்ல நடைமுறை இருக்கிறது. மகஜர் எழுதுவார்கள். கிராம நிர்வாக அலுவலரோ வேறு இருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். பொருளைத் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்து, படிவம் 95 போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போகும். கத்திக்கும் ரத்தக்கறை படிந்த சட்டைக்கும் இது போதும். ஹார்டு டிஸ்க்குக்குப் போதாது. அரக்கு முத்திரையை உடைக்காமல் துணிப்பொதியைத் திறக்க முடியாது. ஆனால் மகஜர் எழுதுவதற்கு முன் யாரோ அந்த டிஸ்க்கைக் கணினியில் செருகிச் சும்மா ஒரு பார்வை பார்த்திருந்தால், அப்போதே பல கோப்புகளின் நேரக்குறிப்புகள் மாறிப்போயிருக்கும். அதனால்தான் தடயவியலாளர்கள் ரைட் பிளாக்கர் என்ற சிறு கருவியை இடையில் வைத்து, படிக்க மட்டும் விட்டு எழுதவிடாமல் தடுத்து, டிஸ்க்கின் பிட்டுக்குப் பிட்டு நகல் எடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள்.

இந்தச் சங்கதிகளில் சென்னைக்கு ஒரு சிறிய முதன்மை உண்டு. 2004 நவம்பர் 5இல் எழும்பூர் நீதிமன்றம், யாஹூ குழு ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவருக்குத் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று பேசப்படும் வழக்கு அது. இணையப் பக்கத்தைப் பார்த்து, அச்செடுத்து, சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழ் தந்தவர் நாவி என்று அறியப்படும் விஜயசங்கர். பத்து ஆண்டு கழித்து, 2014இல், கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில் அந்தச் சான்றிதழ் இல்லாத சி.டி.களை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020இல் மீண்டும் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1இல் பாரதிய சாட்சிய அதினியம் வந்தபோது 65பி போய் 63ஆம் பிரிவு வந்தது. அதன் அட்டவணையில் உள்ள சான்றிதழ்ப் படிவத்தில் முதல்முறையாக ஹேஷ் மதிப்பை எழுதக் கட்டம் போட்டுவிட்டார்கள். பொருளைத் தருபவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்ப வேண்டும்.

எந்த முறையில் போட்ட ஹேஷ் என்று டிக் அடிக்க அதில் எஸ்.ஹெச்.ஏ.1, எஸ்.ஹெச்.ஏ.256, எம்.டி.5 என்று வரிசை இருக்கிறது. இதைப் படித்தால் கணினிப் பாதுகாப்புக்காரர்கள் நெற்றியைத் தேய்த்துக்கொள்வார்கள். எம்.டி.5 முறையில் ஒரே ஹேஷ் தரும் இரண்டு கோப்புகளைச் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழு 2004லேயே செய்து காட்டிவிட்டது. எஸ்.ஹெச்.ஏ.1ஐ 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வகமும் உடைத்தன: இரண்டு வேறு பி.டி.எஃப்., ஒரே ஹேஷ். உடனே பழைய வழக்கெல்லாம் போச்சு என்று பதற வேண்டியதில்லை. ஏற்கெனவே கைப்பற்றிய ஒரு கோப்புக்கு ஒத்த இன்னொன்றைத் தயாரிப்பது இன்றும் யாராலும் ஆகாத காரியம். இரண்டையும் தானே முன்கூட்டித் தயாரித்து, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மடியில் வைத்துக்கொள்ளும் கில்லாடிக்குத்தான் இந்த ஓட்டை பயன்படும். ஆனாலும் நல்ல பூட்டு பக்கத்திலேயே இருக்கும்போது படிவம் ஏன் துருப்பிடித்த பூட்டையும் நீட்டுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

படிவத்தில் எழுதிய ஹேஷ் எங்கே இருக்கிறது? ஒரு தாளில். அந்தத் தாள் ஒரு கோப்பில், கோப்பு ஓர் அலமாரியில். 64 குறிகளை மாற்றி எழுதிய புதுத்தாளை அலமாரியில் வைத்துவிட்டால் முடிந்தது. பிளாக்செயின் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். கைப்பற்றிய ஹேஷ், நேரம், ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு பதிவாகும். ஒவ்வொரு பதிவிலும் முந்தையதன் ஹேஷ் கலந்திருக்கும். இந்தப் பேரேட்டின் முழு நகல் போலீஸ், தடய அறிவியல் துறை, நீதிமன்றம், சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று பல கைகளில் ஒரே நேரத்தில் இருக்கும். ஒருவர் தன் நகலைத் திருத்தினால் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகாது.

ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. வாக்குரிமைக்காக அதைக் கொண்டாடுகிறோம். சான்றைக் கையாளும் விதிக்காகக் கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மடக்கிய விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா. அவன் வாசித்தபின் அங்கே கூடியிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசாரிகள், எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் எழுதப்படும். ஒரே பதிவைப் பல பேர் தனித்தனியாகச் சரிபார்த்தபின்தான் பேரேட்டில் ஏற்றுவது என்று இன்றைய பொறியாளர் வகுக்கும் விதிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

பேரேட்டில் ஏறுவது ஹேஷ் மட்டும்தான். டெராபைட் கணக்கான வீடியோவை எல்லோரும் நகல் எடுத்து வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் கூடாது. அதற்கு வேறு ஏற்பாடு, பகிர்ந்த சேமிப்பு. ஐ.பி.எஃப்.எஸ். போன்ற அமைப்புகளில் கோப்பின் முகவரியே அதன் ஹேஷிலிருந்து உருவாகிறது. சாதாரணமாக, இந்தச் சர்வரில் இந்த அலமாரியில் இருப்பதைக் கொடு என்று கேட்கிறோம். அங்கே என்ன மாற்றி வைத்திருந்தாலும் அதுதான் வரும். இங்கே, இந்த ஹேஷ் உள்ளதைக் கொடு என்று கேட்கிறோம். உள்ளடக்கம் மாறினால் முகவரியே மாறிவிடும். மாற்றிய பொருளைப் பழைய முகவரியில் வைக்க இடமே கிடையாது.

கோப்பைத் துண்டுகளாக்கிப் பல ஊர்களில் வைப்பதில் இன்னொரு அழகு இருக்கிறது. வரைபடத் தாளில் ஒரு நேர்கோடு போடுங்கள். அதன்மேல் ஐந்து புள்ளிகளைக் குறித்து ஐந்து பேரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். மூன்று பேர் தொலைத்துவிட்டாலும் மீதி இரண்டு புள்ளிகளை வைத்து அதே கோட்டைத் திரும்ப வரையலாம். 1960இல் இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் தந்த குறியீட்டு முறை இதன் விரிவு. ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடைகளில் டீக்கறை படிந்து மூலை கிழிந்த க்யூ.ஆர். அட்டையிலும் பணம் போய்ச் சேர்வது இந்தக் கணக்கின் தயவில்தான். க்யூ.ஆர். குறியின் உச்சப் பிழைதிருத்த நிலையில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கலாம். அதே கோட்டை 1979இல் அடி ஷமீர் ரகசியம் காக்கப் பயன்படுத்தினார். ஒரு புள்ளி மட்டும் வைத்திருப்பவருக்குக் கோட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதன் வழியாக எண்ணற்ற கோடுகள் போகலாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் வீடியோ ஒன்றைப் பூட்டிவைத்து, சாவியை இப்படிப் பிரித்து நீதிபதி, தடயவியல் அதிகாரி, வழக்கறிஞர் ஆகிய மூவரில் இருவர் சேர்ந்தால் மட்டும் திறக்கும்படி செய்யலாம். வழக்கு முடிந்து அழிக்க வேண்டிய நாள் வந்தால் சாவித்துண்டுகளை அழித்தால் போதும்.

நீதிமன்றங்கள் இதை ஏற்குமா? சீனாவின் ஹாங்சோ இணைய நீதிமன்றம் 2018 ஜூன் 28இல் ஏற்றது. அனுமதியில்லாமல் ஒரு கட்டுரையை எடுத்துப் போட்டார்கள் என்ற சிறு வழக்கு. இணையப் பக்கத்தின் பதிவை ஹேஷ் செய்து பிட்காயின் சங்கிலியில் ஏற்றியிருந்தார்கள். இங்கே தமிழ்நாடு அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. மின் ஆளுமை முகமையின் நம்பிக்கை இணையம் என்ற பிளாக்செயின் தளம் சான்றிதழ்களுக்காக வந்தது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வஸ்யா என்ற பிளாக்செயின் தளம் புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் என்று மூன்று தரவு மையங்களில் ஓடுகிறது. மூன்றும் தேசிய தகவலியல் மையத்தினுடையவை. ஊர் மூன்று, கை ஒன்று. வெள்ளத்துக்கும் தீவிபத்துக்கும் இது நல்ல காவல். அரசே ஒரு தரப்பாக நிற்கும் வழக்கில் எதிர்த்தரப்பும் ஒரு நகலை வைத்திருந்தால்தான் நம்பிமார் எல்லோரும் வாசித்ததாகும்.

எவ்வளவு நல்ல சங்கிலியும் தன் முதல் கண்ணிக்கு முன்னால் நடந்ததை அறியாது. பீமா கோரேகாவ் வழக்கில் கைதான ஒருவரின் கணினியில் இருந்ததாகச் சான்றாகக் காட்டப்பட்ட கடிதங்கள் வெளியிலிருந்து தீநிரல் வழியாகத் திணிக்கப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் அறிக்கை தந்தது. அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். கைப்பற்றும் முன்பே புகுந்துவிட்ட பொய்க்கும் ஹேஷ் அதே மரியாதையோடு 64 குறிகளைத் தரும். ஐந்து விரலை விரித்து வாங்குவது அதனால்தான் முக்கியம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அதெல்லாம் போலீஸ் வந்தபின். விபத்துக்கும் போலீஸ் வண்டிக்கும் நடுவே சில மணி நேரம், சில வழக்குகளில் சில வாரம். அதற்குள் வாட்ச்மேன் அறை டி.வி.ஆர். பெட்டி பழைய காட்சியின் மேல் புதிதை எழுதி முடித்திருக்கும். அதில் சதி ஒன்றுமில்லை, அதன் சுபாவம் அது.

ஆகவே பூட்டைச் சம்பவத்துக்கு முன்னாலேயே போட வேண்டும். லைட் கர்ட்டன் பதிவு உருவாகும் அதே கணத்தில் ஹேஷ் ஆக வேண்டும். கம்பெனி ரகசியம் வெளியே போகுமே என்ற பயத்துக்கு ரால்ஃப் மெர்க்கிள் வகுத்த மரம் பதில் சொல்கிறது. அதை ஒரு கபடிப் போட்டியாக நினைத்துக்கொள்ளலாம். இரண்டிரண்டு பதிவுகளின் ஹேஷை ஜோடி சேர்த்து ஒரு ஹேஷ், அப்படி வந்தவற்றை மீண்டும் ஜோடி சேர்த்து இன்னொன்று என்று நாக்அவுட் முறையில் மேலே போனால், பத்து லட்சம் பதிவுகளும் இருபதே சுற்றில் ஒரே ஹேஷில் முடிந்துவிடும். அந்த உச்சி ஹேஷ் மட்டும் வெளியே போனால் போதும். என்றோ ஒருநாள் அந்தப் பத்து லட்சத்தில் ஒரே ஒரு பதிவை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிவந்தால், அந்தப் பதிவையும் வழியில் அது சந்தித்த இருபது ஹேஷ்களையும் காட்டினால் தீர்ந்தது. மற்றவற்றில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொரு மணிக்கும் ஓர் உச்சி ஹேஷ். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஒரு நகல், இ.எஸ்.ஐ.க்கு ஒன்று, தொழிற்சங்கத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு 8,760 மணி, மணிக்கு 32 பைட். பெருக்கினால் 280 கிலோபைட் வருகிறது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் காலையில் வரும் ஒரு ரோஜாப்பூ வணக்கத்தின் எடை.